போகியில் நான் எரித்த பைல்



வழக்கமாக இங்கே பழைய பள்ளி போட்டோ போடுவேன், இல்லையென்றால் யாருக்காவது பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வேன். இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பாதி படித்துவிட்டு "அருமை டீச்சர்" என்று கமெண்ட் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இன்று மட்டும் கடைசி வரி வரை படித்துவிடுங்கள்.

இது நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது. யாருடைய கதையோ அவளே படித்துப் பார்த்து, "பேரைப் போடாதீங்க பெரியம்மா. ஆனா போகி விஷயத்தை மறைக்காம எழுதுங்க" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அவள் என் தங்கை மகள். 1996-ல் அவளுக்குப் பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்திருந்தாள். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. சாயந்திரமானால் காய்ச்சல், ராத்திரியில் தலையணை நனைகிற அளவுக்கு வியர்வை. நெறிகட்டிய காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாதங்கள் போனதே தவிர, கட்டி கரையவில்லை. பிறகு சதை எடுத்துப் பரிசோதித்தபோது ஹாட்ஜ்கின் லிம்போமா என்றார்கள். நிணநீர்க் கணுக்களில் வருகிற புற்றுநோய்.

அந்தப் பெயரை அன்றுதான் நாங்கள் முதலில் கேட்டோம். தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற ஆங்கில மருத்துவர் 1832-லேயே இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார். அதற்கப்புறம் நூறு வருடத்துக்கும் மேலாக இதற்குச் சரியான வைத்தியம் இல்லை. வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இளவயதிலேயே போய்ச் சேர்ந்தார்கள். 1950, 60-களில் கனடாவில் வேரா பீட்டர்ஸ், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கேப்லன் போன்றவர்கள்தான் கதிர்வீச்சை முறையாகக் கொடுத்தால் இதைக் குணப்படுத்த முடியும் என்று காட்டினார்கள். கழுத்து, இரண்டு அக்குள், நடு மார்பு என்று சால்வை போர்த்தின மாதிரி ஒரு பெரிய பரப்புக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். அதற்கு மேன்டில் என்று பெயர். மேன்டில் என்றால் போர்வைதான்.

எங்கள் பெண்ணுக்கும் முதலில் கீமோ, அப்புறம் கழுத்துக்கும் மார்புக்கும் கதிர்வீச்சு. ஊரில் இதைக் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு வாரம். மார்பில் மையால் கோடு போட்டு, அது அழியக் கூடாது, சோப்புப் போடாதே என்று சொல்லி அனுப்புவார்கள். தங்கையும் நானும் மாற்றி மாற்றிக் கூடப் போனோம். முடி கொட்டியது, எச்சில் விழுங்க முடியவில்லை. ஆனால் பிழைத்தாள். முடி வளர்ந்தது, கல்லூரிக்குப் போனாள், பட்டம் வாங்கினாள்.

இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கரண்ட்டும் அந்தக் கீமோவும் இல்லையென்றால் அவள் இன்றைக்கு இல்லை. நான் எழுதுவதைப் படித்துவிட்டு யாராவது சிகிச்சை வேண்டாம் என்று சொன்னால், நான் உங்களுக்கு ஒன்றுமே சொல்லிக் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

இனிமேல்தான் என் தப்பு.

2001 கடைசியில் அவளுக்கு ஒரு நல்ல வரன் வந்தது. என் தங்கை என்னிடம் வந்து, "அக்கா, சொல்லணுமா வேண்டாமா?" என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தில் பயிற்சி முடித்து வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். நான் சொன்னேன்: "அஞ்சு வருஷம் ஆச்சு, குணமாயிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டார். இல்லாத நோயை எதுக்குச் சொல்லணும்?" அவளிடமும், "இனிமே இதைப் பத்தி வாயைத் திறக்காதே" என்றேன்.

பீரோவில் ஒரு பச்சை பைல் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டுகள், பயாப்சி ரிப்போர்ட், கரண்ட் வைத்த அட்டை எல்லாம் அதில்தான். மாப்பிள்ளை வீட்டார் வந்து போகும்போது கண்ணில் பட்டுவிடக் கூடாது. 2002 போகி அன்று விடியற்காலையில் பழைய பாயோடும் துடைப்பத்தோடும் அந்தப் பைலையும் தீயில் போட்டோம். போட்டது என் கை. பிளாஸ்டிக் உறை சுருங்கி எரிந்த வாடை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பீடை ஒழிந்தது என்று நினைத்தேன்.

அப்புறம் கல்யாணம், இரண்டு குழந்தைகள், சொந்த வீடு. பதினேழு வருடம் நல்லபடியாகப் போனது.

2019-ல், நாற்பத்தொன்றாவது வயதில், இடது மார்பில் கட்டி. மருத்துவர் கேட்ட முதல் சில கேள்விகளில் ஒன்று: "இதுக்கு முன்னாடி நெஞ்சுப் பகுதிக்குக் கதிர்வீச்சு ஏதாவது வாங்கியிருக்கீங்களா?" பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். அவள், "இல்லை" என்று சொல்லிவிட்டாள்.

அன்று ராத்திரி எனக்குப் போன் செய்து அழுதாள். மறுநாள் நான் பஸ் ஏறிப் போய், அவள் கணவரை உட்கார வைத்து, எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அத்தை, அவளுக்கு நோய் வந்தது உங்க தப்பில்ல. ஆனா எனக்குத் தெரிஞ்சிருந்தா வருஷா வருஷம் கூட்டிட்டுப் போய்ச் செக்கப் பண்ணியிருப்பேனே. அதை ஏன் இல்லாமப் பண்ணிட்டீங்க?"

முப்பத்தாறு வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டவள் நான். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

மருத்துவரிடம் திரும்பப் போய் உண்மையைச் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, எந்த இடத்துக்கு எத்தனை கிரே கதிர்வீச்சு? கிரே என்பது கதிர்வீச்சின் அளவு, பாலுக்கு லிட்டர் மாதிரி. இரண்டாவது, அட்ரியாமைசின் என்ற மருந்து ஏறியிருக்கிறதா, மொத்தம் எவ்வளவு? அந்த மருந்துக்கு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து ஓர் உச்ச அளவு உண்டு. அதைத் தாண்டினால் இதயம் பலவீனமாகும். மார்பகப் புற்றுநோய்க்கும் அதே மருந்தைத்தான் பல பேருக்குக் கொடுப்பார்கள். அதனால் பழைய கணக்கு தெரிய வேண்டும்.

அவளுக்கு ஞாபகம் இருந்தது ஒன்றுதான். "சிவப்பா ஒரு ஊசி போடுவாங்க டாக்டர். மறுநாள் சிறுநீர் சிவப்பா போகும்." அந்த மருந்து அதுதான். எவ்வளவு என்று சொல்ல யாரும் இல்லை. பழைய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவ்வளவு பழைய பதிவு இல்லை என்றார்கள். இருந்த ஒரே கணக்கை நான் போகியில் எரித்திருந்தேன்.

அந்த மருந்தைத் தவிர்த்து வேறு மருந்து கொடுத்தார்கள். மார்பகத்தை எடுத்தார்கள். கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தைக் காப்பாற்றினால், அதன் பிறகு வழக்கமாகக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கிய இடத்தில், அளவும் தெரியாமல், மறுபடி கொடுப்பது சுலபமில்லை. பைல் இருந்திருந்தாலும் மார்பகத்தை எடுக்க வேண்டித்தான் இருந்திருக்கலாம் என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். என் ஆறுதலுக்காகச் சொன்னாரோ என்னவோ. ஆனால் வருடா வருடம் பார்த்திருந்தால் கையில் தட்டுப்படும் முன்பே கண்டுபிடித்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதை அவரும் மறுக்கவில்லை.

இன்று அவள் நன்றாக இருக்கிறாள். ஆனால் இதற்கப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. தெரிந்த மருத்துவர்களைக் கேட்டும், வெளிநாட்டில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் கட்டுரைகளை அனுப்பி விளக்கியும், கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அதைப் பாடம் மாதிரியே சொல்கிறேன்.

கதிர்வீச்சு புற்றுநோய்ச் செல்லின் மரபணுவை உடைத்து அதைக் கொல்கிறது. போகிற வழியில் இருக்கிற நல்ல செல்களுக்கும் அடி விழுகிறது. பெரும்பாலானவை தங்களைச் சரிசெய்துகொள்ளும், இல்லையென்றால் செத்துப்போகும். சில செல்கள் மட்டும் தப்புந்தவறுமாக ஒட்டுப்போட்டுக்கொண்டு உயிரோடு இருக்கும். அந்தத் தப்பு புற்றுநோயாக மாறப் பல வருடம் ஆகும். அதனால்தான் ஐந்து வருடம் தாண்டிவிட்டது, குணமாகிவிட்டது என்று நாம் மறந்த பிறகு, பத்து, இருபது, முப்பது வருடம் கழித்து இது வருகிறது. வளர்கிற வயதில் கதிர்வீச்சு வாங்கிய பெண்களுக்கு மார்பகத்தில் ஆபத்து அதிகம். ஆண் பெண் இருவருக்கும் நுரையீரல், தைராய்டு போன்ற இடங்களிலும் வரலாம்.

எவ்வளவு ஆபத்து? நெதர்லாந்தில் 1965 முதல் 2000 வரை ஹாட்ஜ்கின் நோய்க்குச் சிகிச்சை பெற்று, ஐந்து வருடத்துக்கு மேல் வாழ்ந்த 3,905 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு இன்னொரு புற்றுநோய் வந்தது 4.6 மடங்கு. நாற்பது வருடத்தில் நூற்றில் சுமார் 48 பேருக்கு வந்திருந்தது. 2005-ல் வந்த இன்னொரு கணக்கு பெண்களைப் பற்றியது. இருபத்தைந்து வயதில், கீமோவில் ஒரு வகையான ஆல்கைலேட்டிங் மருந்துகள் இல்லாமல், மார்புக்கு 40 கிரே அல்லது அதற்கு மேல் வாங்கிய பெண்களில், 55 வயதுக்குள் நூற்றில் 29 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும் என்று மதிப்பிட்டார்கள்.

பயப்படாதீர்கள். இவை பழைய முறைக்கான கணக்குகள். இப்போது சால்வை மாதிரிப் போர்த்துவதில்லை. நோய் இருந்த கணுக்களுக்கு மட்டும், அளவையும் குறைத்துக் கொடுக்கிறார்கள். ஆரம்ப நிலையில், ஆபத்து குறைந்தவர்களுக்கு இரண்டு சுற்றுக் கீமோவும் 20 கிரேயுமே போதும் என்று ஜெர்மனியில் செய்த ஆய்வு 2010-ல் வந்தது. சிலருக்கு கதிர்வீச்சே இல்லாமலும் முடிக்கிறார்கள். அதனால் இன்று சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவாக இருக்கும் என்று மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள். நான் கவலைப்படுவது 1980, 90-களில் சிகிச்சை வாங்கிப் பிழைத்து, இன்று நாற்பது, ஐம்பது வயதில் எதுவும் தெரியாமல் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான்.

2003-ல் இங்கிலாந்து அரசு ஒரு வேலை செய்தது. இளவயதில் மார்புக்குக் கதிர்வீச்சு வாங்கிய பெண்களை ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் தேடிக் கண்டுபிடித்து, உங்களுக்கு இப்படி ஒரு ஆபத்து இருக்கிறது, பரிசோதனைக்கு வாருங்கள் என்று அழைப்பு அனுப்பியது. படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. 2003-ல் எங்கள் பெண் ஒரு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

அமெரிக்காவில் சில்ட்ரன்ஸ் ஆன்காலஜி குரூப் என்ற மருத்துவர் குழு ஒரு வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. சிறுவயதிலோ இளவயதிலோ மார்புக்குக் கதிர்வீச்சு வாங்கிய பெண்கள், 25 வயதிலிருந்து, அல்லது சிகிச்சை முடிந்து எட்டு வருடத்திலிருந்து, இரண்டில் எது பிந்தியதோ அப்போதிலிருந்து, வருடா வருடம் மேமோகிராம், எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். கணக்குப் போடுங்கள். பதினெட்டும் எட்டும் இருபத்தாறு. இந்த விதிப்படி 2004-ல் அவளுக்குப் பரிசோதனை தொடங்கியிருக்க வேண்டும். 2019-ல்தான் பார்த்தோம். பதினைந்து வருடம்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற பிள்ளைக்கு நாம் மாற்றுச் சான்றிதழ் கொடுக்கிறோம். பெயர், பிறந்த தேதி, எந்த வகுப்பு வரை படித்தான், அங்க அடையாளம், எல்லாம் அதில் இருக்கும். அதோடு சேர்க்கைப் பதிவேடு பள்ளியில் நிரந்தரமாக இருக்கும். பாஸ்போர்ட்டுக்கும் பென்ஷனுக்கும் பிறந்த தேதி வேண்டுமென்று நாற்பது வருடம் கழித்து வந்து நின்றவர்களுக்கு, இரும்புப் பீரோவிலிருந்து அந்தப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்துக் கொடுத்தவள் நான்.

ஆஸ்பத்திரியில்? 2002-ல் வந்த இந்திய மருத்துவக் கவுன்சில் விதி, உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. மூன்றே வருடம்! ஆபத்து எட்டிப் பார்ப்பதே பத்து வருடத்துக்கு அப்புறம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் வருகைக்குக் காட்டுகிற அக்கறையை, புற்றுநோயிலிருந்து பிழைத்த பிள்ளையின் கணக்குக்குக் காட்டக் கூடாதா?

அதனால் நான் கேட்பது, புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து அனுப்பும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் தாள், தமிழில். என்ன நோய், எந்த நிலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை சிகிச்சை, கதிர்வீச்சு எந்த இடத்துக்கு, மொத்தம் எத்தனை கிரே, என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, எந்த வருடத்திலிருந்து என்ன பரிசோதனை. அவ்வளவுதான். ஒரு மாற்றுச் சான்றிதழ். இதற்குப் பெரிய செலவில்லை. என் மாணவர்களில் மருத்துவர்களும் நர்ஸுகளும் அரசு அலுவலர்களும் இருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் இதைத் தொடங்க முடியுமா என்று பாருங்கள்.

ஆனால் ஆஸ்பத்திரியை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர்கள் கொடுத்ததை எரித்தவள் நான்.

"சொன்னா யார் டீச்சர் கட்டிக்குவா? உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க" என்று சிலர் நினைப்பீர்கள். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அதே பயத்தில்தான் நானும் செய்தேன். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மூன்று பேரிடம் மறைக்கக் கூடாது. நோய் வந்த பிள்ளையிடம், வாழப் போகிற துணையிடம், பார்க்கிற மருத்துவரிடம். தெரிந்தால் வேண்டாம் என்று போகிற மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்தால் எப்படி இருப்பார்? எங்கள் மாப்பிள்ளை தங்கமானவர். எல்லோருக்கும் அப்படி வாய்க்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. சிறு குழந்தையாக இருந்தபோது சிகிச்சை நடந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கே தெரியாமல் பெற்றோர் வளர்த்துவிடுகிறார்கள். "சின்னதுல ஏதோ காய்ச்சல் வந்துச்சு" என்பதோடு சரி. அப்பா அம்மா போன பிறகு அந்தக் கணக்கும் போய்விடும். வீடு, நகை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறோம், இதையும் சொல்லிவிட்டுப் போக வேண்டாமா?

வீட்டுப்பாடம் கொடுக்காமல் நான் என்றைக்கும் வகுப்பை முடித்ததில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ எப்போதாவது கதிர்வீச்சு கொடுத்திருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், அந்தப் பைலைத் தேடி எடுங்கள். போட்டோ எடுத்துப் போனிலும், பிள்ளையின் போனிலும் வையுங்கள்.

பைல் இல்லையென்றால் சிகிச்சை பெற்ற இடத்தில் எழுதிக் கேளுங்கள். பதிவு இருந்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அங்கும் இல்லையென்றால் ஞாபகத்தில் இருப்பதை எழுதி வையுங்கள். வருடம், வயது, எந்த இடத்தில் கோடு போட்டார்கள், எத்தனை நாள், ஊசி என்ன நிறம். எங்களுக்கு "சிவப்பு ஊசி" என்ற ஞாபகம் கூட உதவியது.

புற்றுநோய் மருத்துவரைப் பார்த்து, "எனக்கு இத்தனை வயதில் இந்த இடத்தில் கரண்ட் வைத்தார்கள், நான் என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். கழுத்துக்கு வாங்கியவர்கள் தைராய்டு இரத்தப் பரிசோதனையையும், நெஞ்சுக்கு வாங்கியவர்கள் இதயத்தையும் பற்றிக் கேளுங்கள்.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். நெஞ்சுக்குக் கதிர்வீச்சு வாங்கியவர் புகையும் பிடித்தால், நுரையீரல் ஆபத்து ஒன்றோடு ஒன்று கூடுவதில்லை, ஒன்றை ஒன்று பெருக்குகிறது. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

போன பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாக ஒரு பச்சை பைல் வாங்கி, 2019-க்குப் பிறகு வந்த எல்லாச் சீட்டையும் வரிசையாக வைத்திருக்கிறாள். முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். "1996: கழுத்து, மார்பு. கதிர்வீச்சு. அளவு தெரியாது" என்று அவள் கையெழுத்தில் இருந்தது. அவள் மகள், கல்லூரி போகிற பெண், "அம்மாவுடைய பைல் எங்கிட்டயும் இருக்கு பாட்டி" என்று போனைத் திறந்து காட்டினாள்.

"அளவு தெரியாது" என்ற அந்த இரண்டு வார்த்தைக்குக் காரணம் நான். உங்கள் வீட்டுப் பைலில் அப்படி ஒரு வரி வரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தேவைப்படுகிறவர்களுக்கு இதை அனுப்புங்கள். பைலைத் தேடி எடுத்தவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதுதான் எனக்கு நீங்கள் தரும் மதிப்பெண்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்